முன்னால் பட்டன், பின்னால் வழுவழு

குடிநீர் ஆய்வகத்தில் அவளுக்குப் பாட்டில் அக்கா என்று பெயர். மலைச்சரிவில் இருக்கும் நான்கு பம்ப் ஹவுஸ்களிலும் தண்ணீர் பிடித்து, பதினொரு மணிக்குள் ஆய்வக மேஜையில் வைக்க வேண்டும். பாதி வழி தார் ரோடு, மீதி சரளைக்கல். இருப்பது ஒரே சைக்கிள். அதற்கு இரண்டு ஜோடி சக்கரம்: ரோட்டுக்கு வழுவழு டயர், கல்லுக்கு, பட்டன் பட்டனாகப் புடைத்த பட்டன் டயர். தார் முடியும் இடத்தில் இருக்கும் வாட்ச்மேன் அறையில் மாற்றிக்கொண்டு மேலே ஏறுவாள். திரும்பும்போது மறுபடி மாற்றுவாள்.

"சைக்கிளுக்கு ரெண்டு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தவ உலகத்துலேயே நீ ஒருத்திதான்" என்பான் கணவன்.

முன்சக்கரத்துக்கு மூன்று நிமிடம். பின்சக்கரத்துக்கு, செயினைக் கழற்றி, கோணாமல் உட்காரவைக்க எட்டு நிமிடம். அரைகுறையாக முடுக்க அவளுக்குக் கை வராது. அதனால் ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதம்.

"இன்னொரு தடவை லேட்டானா ஜீப்பை அனுப்பிடுவேன். நீங்க உள்ளே உட்கார்ந்து பாட்டில் கழுவுங்க" என்று அதிகாரி சொல்லிவிட்டார். அந்தச் சரிவை விட்டுவிட்டுத் தொட்டியடியில் உட்காருவதா?

மறுநாள் முன்சக்கரத்தை மாற்றி முடித்த நேரம், வாட்ச்மேன் தன் மாமியார் வந்து இறங்கிய கதையை ஆரம்பித்தார்.

"பெட்டி ஒண்ணுதான்னு நெனச்சேன்மா. இறங்கிக்கிட்டே இருக்கு!"

"அப்ப ஆறு மாசம்ணே, சந்தேகமே இல்ல."

சிரித்தபடியே ஏறி மிதித்துவிட்டாள். இரண்டாவது வளைவில் பின்பக்கம் வழுக்கியது. குனிந்து பார்த்தால், பின்னால் வழுவழு! இத்தனை வருஷத்தில் இப்படியொரு கூத்து நடந்ததில்லை. திரும்பிப் போனால் தாமதம் நிச்சயம். சீட்டை விட்டு எழாமல், எடை முழுவதையும் பின்னால் போட்டு மிதித்தாள். டயர் கல்லைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பிடித்துத் திரும்பிய இறக்கத்தில் முன்சக்கரம் சொன்ன பக்கம் திரும்பியது. பின்சக்கரம் கொஞ்சம் முனகிவிட்டுக் கூடவே வந்தது.

பாட்டில்களோடு வாட்ச்மேன் அறைக்கு வந்து ஸ்பானரை எடுத்தவள் யோசித்தாள். பாரம் தாங்கும் பின்சக்கரத்தில் ரோட்டு டயர்தானே இருக்கிறது? முன்னால் பட்டன் இருந்தால் கொஞ்சம் இரையும், அவ்வளவுதானே? ஸ்பானரைப் பைக்குள் போட்டாள்.

"என்னம்மா, மாத்தலையா?"

"இல்லண்ணே. மாமியார் கதை மீதியை நாளைக்கு உட்கார்ந்தே கேட்கிறேன்."

தார் ரோடு முழுக்க முன்டயர் வண்டு மாதிரி ரீங்காரமிட்டது. ஆய்வகத்தில் நுழைந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க. ஆமா, அவசரத்துல டயரைத் தப்பா மாட்டிட்டீங்க போல?"

"இல்ல சார், சரியாத்தான் மாட்டியிருக்கேன்" என்றாள், துளியும் கூசாமல்.