காலைப் பார்க்காமல் ஓட்டச் சொன்னேன்

1. சிவப்பு விளக்கு

ஆயர் குரோ சந்திப்பில் சிவப்பு விழுந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. "பிரேக்" என்றேன். கார் வேகமெடுத்தது.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தேன். எஞ்சின் உறுமி, கார் குலுங்கி, லாரியின் பின்பக்கத்தை உரசாத குறையாக நின்று அணைந்தது. ஓட்டிக்கொண்டிருந்த கோமளா ஸ்டியரிங்கை விடவில்லை.

"பிரேக்தான் மிதிச்சேன் டீச்சர். சத்தியமா."

பயந்த மாணவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கோமளா பயந்த ரகம் இல்லை. நாற்பதைத் தாண்டியவர், செர்காம் பக்கத்திலிருந்து வருபவர். கணவர் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஆயர் குரோ தொழிற்சாலை கேண்டீனில் சூப்பர்வைசராகப் போக கோமளாவுக்கு வாய்ப்பு வந்திருந்தது. தொழிற்சாலை வேன் அவர் பக்கம் வராது. லைசென்ஸ் கிடைத்தால்தான் அந்த வேலை.

சொன்னதைக் கேட்பார், அவசரப்பட மாட்டார். ஒரே ஒரு கெட்ட பழக்கம்: பெடலை மாற்றும்போதெல்லாம் குனிந்து காலைப் பார்ப்பார். அன்று காலை கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லியிருந்தேன், "இன்னிக்கு ஒரு தடவைகூட கீழ பாக்கக் கூடாது." அவரும் பார்க்கவில்லை.

2. எஞ்சினை அணைத்துவிட்டு

இடம் மாறி உட்கார்ந்து, நானே காரை ஓட்டிப்போய் ஒரு கடை வாசலில் நிறுத்தினேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை மறுபடி ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன்.

"கண்ண மூடிக்க. வலது கால பிரேக்ல வை."

வைத்தார்.

"இப்ப எதுல இருக்கு?"

"பிரேக்ல."

கால் ஆக்ஸிலரேட்டர் மேல் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தவர் காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதம் பஞ்சை மிதிப்பது போல் இருக்கிறதாம். பசாரில் சிலிப்பர் கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்துபோயிருக்கிறார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் சாய்கிறது. அதனால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் முகம் கழுவுகிறார்.

"வயசாவுதுன்னு நெனச்சேன் டீச்சர்."

"நாப்பது ஒரு வயசா? டாக்டர்கிட்ட காட்டாம உனக்கு நான் கார் குடுக்க மாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. "அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றார். எங்கள் பயிற்சிப் பள்ளி முதலாளி மணியம் அண்ணனும் அவர் பக்கம்தான் பேசினார். "ஆட்டோ கியர் காருக்கு மாத்திடு லா. கிளட்ச் இல்லன்னா கொழப்பம் இருக்காது."

"ஆட்டோலயும் பிரேக் இருக்குண்ணே" என்றேன்.

சாயந்தரம் கோமளா போன் செய்தார். கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. அவருடைய மாமா ஒருவர் இப்படித்தான் கால் மரத்து, கடைசியில் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தாராம். "எனக்கும் அதுவா டீச்சர்?" எனக்கு என்ன தெரியும். "நானும் கூட வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

3. மேலா, கீழா

கிளினிக்கில் எழுதிக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தவர் ஈப்போக்காரப் பெண், நம் தமிழ் டாக்டர். கோமளாவைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்தார்.

"மேலயா, கீழயா?"

"மேல."

கீழே. திரும்பத் திரும்பக் கேட்டார். கோமளா குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. எழுந்து கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார்; நின்றார். கண்ணை மூடியதும் வெட்டிய வாழை போல் சாய்ந்தார். டாக்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

"மூளை சொன்னபடி உங்க கால் அசையுது. அதுல பெரிய கோளாறு இல்ல" என்றார் டாக்டர். "ஆனா கால் இப்ப எங்க இருக்குன்னு மூளைக்குத் திரும்பச் சேதி போகணும் இல்லையா? அது முதுகெலும்புக்குள்ள தண்டுவடத்துல, பின்பக்கமா மேல ஏறிப் போவுது. அந்தப் பாதைதான் கெட்டிருக்கு. சேதி வராததால மூளை கண்ண வச்சுச் சமாளிச்சிருக்கு. அதான் குனிஞ்சு குனிஞ்சு பாத்திருக்கீங்க."

பிறகு சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். கோமளா பல வருடங்களுக்கு முன் முருகனுக்கு நேர்ந்துகொண்டு கறி, மீன் என்று மச்சம் எல்லாம் விட்டவர். முட்டையும் இல்லை. பால் பிடிக்காது, எப்போதும் பால் இல்லாத தே ஓதான். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

முடிவு வந்த அன்றும் நான்தான் கூடப் போனேன். பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. நரம்புக்கும் தண்டுவடத்துக்கும் அது இல்லாமல் முடியாதாம்.

"படுத்துடுவேனா டாக்டர்?"

"மாட்டீங்க. ஊசி போடணும், அப்புறம் மாத்திரை. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம். இப்ப வந்துட்டீங்க, பெரும்பாலும் சரியாயிடும்."

"மச்சம் சாப்பிடணுமா?"

"வேணாம்மா. ஊசி போதும்."

வெளியே வந்து மருத்துவமனை கேண்டீனில் உட்கார்ந்தோம். "வெறும் ஊசிதானா டீச்சர்? ஊசிதானா?" என்று கேட்டுக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். அவருக்கு ஒரு தோசை வாங்கிக் கொடுத்து, நானும் ஒன்று சாப்பிட்டேன். அவ்வளவு பசி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

4. தஞ்சோங் கிளிங் சாலை

உடனே குணமாகிவிடவில்லை. முதலில் பாதத்தில் ஊசி குத்துவது போல் எரிச்சல் வந்தது. உணர்ச்சி திரும்புகிறதே என்று அதற்கே சந்தோஷப்பட்டு எனக்கு போன் செய்தார். பிறகு தரையின் குளிர்ச்சி தெரிந்தது. சில மாதம் கழித்து, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே காரைக் கொடுத்தேன். அந்தத் தொழிற்சாலை கேண்டீன் வேலை போய்விட்டது. ஆனால் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேறு வேலை கிடைத்தது.

லைசென்ஸ் வாங்கிய வாரம் அவரே காரை ஓட்டி, கடலோரச் சாலையில் என்னைக் கூட்டிப்போனார். போகும்போது சொன்னார், "ஒண்ணு சொல்லவா டீச்சர்? அன்னிக்கு நீங்க கீழ பாக்காதன்னு சொல்லலன்னா, நான் பாத்துப் பாத்தே ஓட்டி லைசென்ஸும் எடுத்திருப்பேன். நோவு உள்ளுக்குள்ளயே வளந்திருக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த லாரியை நினைத்தால் எனக்கு வேறு பாடம்தான் தோன்றுகிறது. புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். மாணவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாகச் செய்தால், "செய்யாதே" என்று சொல்வதற்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். தப்பாகத் தெரியும் அந்தப் பழக்கம்தான் அதுவரை அவரை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.