குமுளி தாண்டாத லாரியும் 'ஹோப்ஃபுல்லி'யும்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கிருபாவதி சொல்லாமல் யாரும் கத்திரி எடுப்பதில்லை. மார்க்கையன்கோட்டைக்காரி. வீட்டில் முதல் பட்டதாரி. அதை அவள் அப்பா சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை. பழம் வாங்கும் கொச்சி கம்பெனி ஆங்கிலத்தில் சொல்வதைத் தோட்டக்காரர்களுக்குத் தமிழில் சொல்வது அவள் வேலை.

அந்த ஆங்கிலத்தில் அவளை யோசிக்கவைத்த சொல் 'ஹோப்ஃபுல்லி'. நெஞ்சு நிறைய நம்பிக்கையோடு ஒரு காரியத்தைச் செய்வதுதான் அதன் பொருள், 'நடக்கும் என்று நம்புவோம்' என்பதற்கு அதைப் போடுவது பிழை என்று கல்லூரிப் பேராசிரியர் சண்டைக்கே வருவார். வேலைக்கு வந்தபின் அந்தச் சண்டை அவளுக்கு மறந்துபோயிற்று. தன் கையில் இல்லாததை ஒருவர் அடுத்தவர் தலையில் கட்டும்போது வருகிற சொல் என்றே அவள் காதில் அது விழுந்தது.

அன்று மாலை கம்பெனி மேலாளர் கொச்சியிலிருந்து போனில் சொன்னார்: ஹோப்ஃபுல்லி, காலையில் லாரி வந்துவிடும், வெட்டி வையுங்கள்.

ஒச்சாண்டியின் தோட்டம் பழுத்து நின்றது. மேற்கு மலையில் மேகம். வெட்டாமல் விட்டால் மழையில் பழம் வெடிக்கும். வெட்டியபின் லாரி வராவிட்டால் மொத்தமும் வதங்கும்.

நேரே தோட்டத்துக்குப் போனாள். "பெரியப்பா, லாரி வரும்னு நம்புறாக. வருதுன்னு சொல்லல."

"அட, அந்த மேனேசரும் நம்ம ஆளுதான்! நாமளும் மழைக்கு 'சாமி கண்ணத் தொறந்தா'ன்னுதான ஆத்தா சொல்றம்?"

"நாம சொன்னா காயுறது நம்ம காடு. அவுக சொன்னாலும் அழுகுறது நம்ம பழந்தான?"

ஒச்சாண்டியின் சிரிப்பு நின்றது. "சரி, நீயே சொல்லு."

அங்கனயே நின்று கொச்சிக்குப் பேசினாள். வண்டி மலை மேல் குமுளி எல்லையைத் தாண்டட்டும், பிறகு வெட்டுகிறோம் என்றாள். வெட்டி முடிக்கும்வரை வண்டி காத்துக்கிடக்க வேண்டுமா என்று மேலாளர் கடுகடுத்தார்.

"பழம் காத்துக்கிட்டுத்தானே சார் இருக்கு?"

மறுநாள் லாரி வரவில்லை. வழியிலேயே பழுதாகி நின்றதாம். சாயங்காலம் தூறல் போட்டது. ஒச்சாண்டி பந்தலுக்குள் போய்க் கொத்துக் கொத்தாகத் தொட்டுப் பார்த்தார். ஓரத்து வரிசையில் கொஞ்சம் வெடித்திருந்தது. வெடித்த பழம் ஒன்றைக் கிள்ளிக் கிருபாவதியின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த விடியலில் லாரி ஓட்டுநரே கூப்பிட்டார். அவள் உடனே ஒச்சாண்டிக்குப் போன் போட்டாள்.

"வெட்டச் சொல்லுங்க பெரியப்பா. டிரைவரு மலை எறங்கிட்டாரு. அடிவாரத்துல, லோயர் கேம்ப்ல டீ குடிக்கிறாரு."

"இன்னொரு டீ குடிக்கச் சொல்லு ஆத்தா" என்றபடியே அவர் ஆட்களைப் பந்தலுக்குள் அனுப்பினார்.