மாய் பாகோவின் தலைப்பாகை

எட்டு வயதில் நான் ஐந்து ஆண்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் அப்பா, ஒருவர் என் சித்தப்பா. மற்ற மூவரும் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் அவர்களோடு துணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். அன்றைக்கு எனக்கு அடி விழாததை, என் வீரத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் நானும் டென்மார்க்குக்கு வந்தபோது தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அந்த நிலையில் பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அம்மா யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். ‘ஃபமிலியசமன்ஃபோரிங்’ என்பதுதான் நான் பிழையில்லாமல் சொல்லக் கற்ற முதல் நீளமான டேனிஷ் சொல். பிரிந்த குடும்பத்தை ஒன்று சேர்ப்பது என்று அர்த்தம். சட்டப்படி அம்மா எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் தமிழருடைய விண்ணப்பங்களை மட்டும் கோப்பன்ஹேகனில் தொடாமல் வைத்திருந்தார்கள். தம்பி பிறந்தான், தவழ்ந்தான், பல் முளைத்தது. எல்லாவற்றையும் நாங்கள் படத்தில்தான் பார்த்தோம்.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தப்பாவுக்கும் இதே கதைதான். கலியாணம் முடித்த கையோடு வெளிக்கிட்டவர். சித்தி வந்து பார்க்க என்று ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை தைத்து வைத்திருந்தார். சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். மனைவிமாரின் படங்களைப் பிடித்துக்கொண்டு பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நிற்பது என்று ஒரு சனிக்கிழமையைக் குறித்து, ஆட்களை விரட்டி விரட்டிச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். மற்றவர்களுக்குப் பயம். பொலிஸ் படம் எடுத்தால் தங்கள் விண்ணப்பம் அடியில் போய்விடும் என்றார்கள். “இப்ப மட்டும் மேலையோ கிடக்கு?” என்று கேட்டு அவர்களின் வாயை அடைத்தார்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நேரத்தில் பின்னேர வேலை வந்தால் என்னைக் கீழ்வீட்டுப் பஞ்சாபி அன்ரியிடம் விடுவார்கள். விருப்பத்தோடு அல்ல, வேறு வழி இல்லாமல். இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் நின்ற காலம் அது. தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள் எங்கள் ஒழுங்கைகளில் துவக்கோடு திரிகிறார்கள் என்று ஊரிலிருந்து செய்தி வரும். அன்ரியின் கணவரும் தலைப்பாகை கட்டுகிறவர். பாவம், அவர் பேக்கரியில் வேலை செய்த மனிதர். ஆனாலும் படியில் அவரைக் கண்டால் எங்கள் ஆட்கள் சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொள்வார்கள். அரசியல் தெரியாத நான் அந்த வீட்டில் வயிறு முட்டப் பராத்தா தின்றுகொண்டிருந்தேன்.

அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் இருந்தது. குதிரைமேல் ஒரு பெண், தலையில் பாகை, கையில் ஈட்டி. யார் என்று கேட்டேன். எனக்கும் அன்ரிக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை டேனிஷ்தான். என்றாலும் கதை சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. அவள் பெயர் மாய் பாகோ. சீக்கியரின் குருவுடைய கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொள்ள, உள்ளே பட்டினி. நாற்பது வீரர்கள் குருவைக் கைவிட்டு வீடு திரும்பினார்கள். மாய் பாகோ அவர்கள் முன்னால் காப்புகளை நீட்டி, “இதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பாருங்கள், சண்டைக்கு நாங்கள் போகிறோம்” என்று சொல்லிவிட்டு ஆண் உடையில் குதிரை ஏறினாள். நாற்பது பேரும் தலை குனிந்து அவள் பின்னால் போனார்கள். மிச்சக் கதை நீ வளர்ந்த பிறகு என்று அன்ரி அங்கேயே நிறுத்திவிட்டார். பாகோ காயத்தோடு பிழைத்தாள், அந்த நாற்பது பேரும் பிழைக்கவில்லை என்பதைப் பின்னாளில் நானாகத்தான் படித்து அறிந்தேன். அப்போது எனக்கு வேண்டியிருந்தது காப்பு விஷயம் மட்டுமே.

குறித்த சனிக்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சித்தப்பா எடுத்தார். கதைத்து முடிந்ததும் அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா பின்னால் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே நின்ற எனக்கு ஒரேயொரு வசனம்தான் கேட்டது. “நான் வரேல்லை அண்ணை, நீங்கள் போங்கோ.” அவர் இல்லை என்றதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். அப்பா உட்பட. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. அம்மா வருகிற வழியை இவர்களே அடைக்கிறார்கள் என்று பட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே அன்ரியிடம் போய், எனக்கு மாய் பாகோவாக வேண்டும் என்றேன். ஏதோ பள்ளிக்கூட நாடகம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தன் நீலத் துப்பட்டாவை என் தலையில் இறுக்கிச் சுற்றிப் பாகை கட்டி, கேட்டபடி ஐந்து கண்ணாடிக் காப்பும் தந்தார். ஈட்டிக்கு, வீடு கூட்டுகிற தும்புத்தடியை நானே பார்த்து எடுத்துக்கொண்டேன்.

மேலே எங்கள் வீட்டில் ஐவரும் நிலத்தில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை கூடினால் சீட்டு விளையாடி வீட்டை இரண்டாக்குகிறவர்கள் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. வெட்கம்தான் காரணம் என்று முடிவு கட்டி, தடியை ஒரு குத்துக் குத்தினேன்.

“பயந்தாங்கொள்ளியள் எல்லாரும் காப்பைப் போட்டுக்கொண்டு வீட்டை இருங்கோ! நான் கோப்பன்ஹேகனுக்குப் போறன்.”

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு காப்பை வைத்துக்கொண்டு போனேன். யாரும் காப்பைப் பார்க்கவில்லை. என் தலையில் இருந்த பாகையைத்தான் பார்த்தார்கள். அப்பா எழும்பிய வேகத்தில் தண்ணீர்ச் செம்பு சரிந்தது.

“கழட்டடி அதை!”

நான் கழற்றவில்லை. கடைசிக் காப்பைச் சித்தப்பாவின் உள்ளங்கையிலேயே வைத்தேன். “அம்மாவைக் கூப்பிடப் போறம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். சொல்லிப்போட்டு ஏன் படுத்துக் கிடக்கிறியள்?”

அப்பாவின் கை ஓங்கியபடி வந்தது. “விடுங்கோ அண்ணை,” என்றார் சித்தப்பா. என் பாகையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளை கேக்கிறது சரிதானே. அண்ணியும் பெடியனும் இன்னும் அங்கைதானே நிக்கினம்.” பிறகு காப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “விடியக் கோப்பன்ஹேகனுக்கு எத்தினை மணிக்கு ரெயின்?” என்று கேட்டார்.

அந்தத் தொலைபேசியில் வந்த செய்தியை எனக்கு அம்மாதான் சொன்னார், ஒருவழியாக அனுமதி கிடைத்துத் தம்பியோடு வந்து சேர்ந்த பிறகு. சித்தி இருந்த வீட்டில் ஷெல் விழுந்திருந்தது. யார் அடித்தது என்று எவருக்கும் தெரியாது. நான் பாகையும் தடியுமாகப் புகுந்தது ஒரு செத்தவீட்டுக்குள். அன்றைக்குச் சித்தப்பா எழும்பியிருக்காவிட்டால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். எழும்பினார். அந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் போய் நின்ற ஒவ்வொரு தடவையும் நின்றார்.

அந்த முதல் சனிக்கிழமை கோப்பன்ஹேகனில் நல்ல மழை. ஆளுக்கு ஒரு படத்தைப் பிடித்தபடி வரிசையாக நின்றோம். அப்பாவிடம் தம்பியின் படம். சித்தப்பா என் அம்மாவின் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் தங்கள் வீட்டு ஆட்களின் படத்தைப் பிடிக்க, இவர் மட்டும் சித்தியை மறந்துவிட்டு வந்திருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. முந்திய நாள் வெற்றியின் மிதப்பு வேறு.

“சித்தியின்ரை படம் எங்கை?”

“கொண்டு வரேல்லை பிள்ளை.”

“சித்தி வரட்டும், எல்லாம் சொல்லிக் குடுக்கிறன்.”

அவர் கைலேஞ்சியை எடுத்து அம்மாவின் படத்தில் விழுந்த மழையைத் துடைத்தார். “ஓம், மறக்காமல் சொல்லு,” என்றார். குரல் நடுங்கியது. நல்லாய்ப் பயந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.