மடியில் புளியங்கொட்டையோடு ஒரு பஸ் பயணம்

சாந்திமதி அம்மாள் பொய்யே பேசமாட்டார் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த உண்மையில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சமணக் குடும்பம். சின்ன வயதிலேயே கணவர் போய்விட்டார். கூலியாட்களோடு கூடவே நின்று நிலத்தை விளைய வைத்தவர் இந்த அம்மாள். மாடு வாங்க வந்தவனிடம், இது கறக்கும்போது உதைக்கும், போன வாரம் என்னையே உதைத்தது என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றைக் கொடுத்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் பிரமாதம் என்றபோது, அது பக்கத்து வீட்டில் செய்தது, இவளுக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும் என்றார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சம்பந்தம் என்னவோ முடிந்தது. இவ்வளவு சொல்கிற வீட்டில் மறைக்க ஒன்றும் இருக்காது என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்திருக்க வேண்டும்.

அந்த அம்மாளின் அண்ணன் மகன் ரிஷபதாஸ்தான் எங்கள் முதலாளி. வாலாஜாபாத்தில் அரிசி மில், அதோடு பெண்டாட்டி பெயரில் 'குணமாலா சர்வீஸ்' என்று ஒற்றை பஸ். கண்ணாயிரம் டிரைவர், நான் கண்டக்டர். எழுபதாம் வருஷம் மெட்ராஸில் பொருட்காட்சி பார்க்கப் போன முதலாளி, சும்மா வராமல் ஒரு மெஷினோடு வந்தார். ஜனங்கள் ஏறுகிற பின்படியில் ரப்பர் ஒட்டிய தகடு; யாராவது மிதித்தால் மேலே மாட்டியிருக்கிற பெட்டியில் டக்கென்று ஒரு எண் கூடும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று அதுவே கணக்குச் சொல்லுமாம்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனியன். எந்த டிரிப்பிலும் பெட்டிக் கணக்கைவிட என் டிக்கெட் குறைந்தே இருந்தது. மெஷின் தப்பாக எண்ணுகிறது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"மெஷினுக்குச் சட்டைப் பை கிடையாது, வேலாயுதம். உனக்கு இருக்குது" என்றார் முதலாளி.

ஒரு பைசா தொட்டதில்லை நான். ஆத்திரத்தில் கத்தினேன்: "உங்க அத்தை வந்து எண்ணட்டும் முதலாளி. அவங்க கணக்கும் மெஷினும் ஒத்துப் போச்சுன்னா இந்தப் பையைக் கழட்டி வெச்சிட்டுப் போயிக்கினே இருக்கேன்."

வலியப் போய் ஏன் தலையைக் கொடுக்கிறாய் என்று கண்ணாயிரம் திட்டினான். பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டு அடுப்பு எரிவதே அந்தத் தோல்பையால்தான். இருந்தாலும் எனக்குத் தைரியம். எண்ணப் போவது யார்? சாந்திமதி அம்மாள் அல்லவா!

மறுநாள் வாலாஜாபாத் சந்தை என்பதால் அன்று காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய சாயங்கால வண்டியில் நல்ல நெரிசல். அம்மாள் பின்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடி நிறையப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டார். ஏற ஏற ஒவ்வொரு கொட்டையாகச் செம்புக்குள் போட்டார். அவரிடம் டிக்கெட் கேட்காதே என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மெஷினின் கூத்தை நான் ஓரக்கண்ணால் ரசித்துக்கொண்டே வந்தேன். கூறைப்புடவை எடுத்துக்கொண்டு திரும்பிய ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் திபுதிபுவென்று ஏறியது. முதல் ஆள் இடது காலை வைத்துவிட்டான் என்று மாப்பிள்ளையின் அத்தை எல்லோரையும் கீழே இறக்கி, வலது காலை வைத்து மறுபடி ஏறச் செய்தாள். பெட்டி இரண்டு தடவையும் எண்ணியது. கோழிக்குஞ்சு விற்கிற பூவம்மாள் தலையில் கூடையோடு ஏறி, செருப்பை விட்டுவிட்டு இறங்கி, மறுபடி ஏறினாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒருவன் படியில் நின்று வண்டி வாலாஜாபாத் போகுமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனான். டக், டக், டக். இன்றைக்கு உன் மானம் கப்பலேறும்டா என்று பெட்டியைப் பார்த்து மனசுக்குள் சிரித்தேன்.

முதலாளி வீட்டை ஒட்டிய மில் வாசலில் வண்டி நின்றது. முதலாளியே உட்கார்ந்து கொட்டையை எண்ணினார். பெட்டிக்கும் கொட்டைக்கும் இரண்டே இரண்டுதான் வித்தியாசம். என் டிக்கெட்டோ கொட்டையைவிட இருபத்தெட்டு குறைச்சல்.

முதலாளி கையை நீட்டினார். பையைக் கழற்றிக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, பொழுது சாய்கிறது, சாப்பிட வாருங்கள் என்று அத்தையைக் கூப்பிட்டார். விளக்கு வைத்தபின் அவர்கள் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். அம்மாள் அசையவில்லை.

"ஒருத்தனைத் திருடன்னு சொல்லிட்டு எனக்குச் சோறு எறங்குமா? எங்கே தப்புன்னு பாப்போம்" என்றார்.

நான் வெறுத்துப்போய், அப்படி யார் யாரைத்தான் எண்ணினீர்கள் என்று கேட்டேன். அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வெற்றிலைக்காரர், அவர் சம்சாரம், தறிக்காரர் இருவர், பூவம்மாள், கூடையில் கோழிக்குஞ்சு பத்தொன்பது...

"குஞ்சையுமா எண்ணினீங்க?" என்றார் முதலாளி.

"ஏன், அதுக்கு உசுரு இல்லையா? வண்டியில ஏறுச்சு, எண்ணினேன்."

கண்ணாயிரம் சிரிப்பை அடக்க முடியாமல் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினான். முதலாளிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபிக்கவும் முடியவில்லை. அத்தையிடம் போய்க் கோழிக்குஞ்சு உயிரில்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கு வாய் வரும்? அம்மாள் மேலே சொன்னார். ஆடும் குட்டியுமாக இரண்டு. கைக்குழந்தைகள் நாலு. ஜோசியக்காரன் கிளி ஒன்று. வாயும் வயிறுமாக ஏறிய தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு உள்ளே ஒன்று. ஈ மட்டும் ஏறி ஏறி இறங்கியதால் விட்டுவிட்டாராம். கணக்கில் அந்தக் குறை இருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

முதலாளி கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் மெஷின் மட்டும் எப்படி ஒத்துப் போனது?

"நான் குஞ்சை எண்ணினேன். அது எதை எண்ணுச்சு? பூவம்மா கூடை தலைமேல இல்ல இருந்துது? கல்யாணக் கூட்டம் ரெண்டாந்தரம் ஏறினதையும், அவ செருப்புக்கு எறங்கி ஏறினதையும் எண்ணியிருக்குது, பாரு."

முதலாளி வியாபாரி ஆயிற்றே, டிக்கெட் வாங்காத அந்த உயிர்களை விரலை மடக்கிக் கழித்துப் பார்த்தார். இருபத்தேழு போயிற்று. இன்னும் ஒன்று இடித்தது.

"அந்த ஒருத்தன் டிக்கெட் எங்கே, வேலாயுதம்?"

கூட்டத்தில் எவன் டிக்கெட் வாங்காமல் ஏமாற்றினான்? கரையேறப் போகும்போது இப்படியா!

"அது நான்" என்றார் அம்மாள். "உக்காந்ததும் மொதக் கொட்டை எனக்குத்தான் போட்டேன். டிக்கெட் வாங்காம வந்தவ நான் ஒருத்திதான். குடுப்பா ஒண்ணு."

டிக்கெட் கொடுப்பதற்குப் பை வேண்டுமே. முதலாளி பையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், எழுந்து வந்து அவரே என் தோளில் மாட்டிவிட்டார். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. உள்ளே அம்மாளுக்குப் போட்டிருந்த இலையைக் குணமாலா அம்மா எடுத்துவிட்டார். எனக்காக அன்று அவர் பட்டினி. அவர் நீட்டிய ரூபாயை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காலில் விழப் போனேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்பா" என்றார். "ஒரு ரூபா குடுத்தேனே, மீதிச் சில்லறை?"