ஐந்து தட்டு

துறைமுகத்தை ஒட்டிய கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் கிறிஸ்தோபர் முப்பத்தொரு வருடம் கடிதம் எழுதினார். அங்கே ஒரு வழக்கம். நற்சான்று வேண்டுபவர் தன் புகழைத் தானே எழுதிக்கொண்டு போகவேண்டும். மனேஜர் கையெழுத்து வைப்பார். தன்னைத் தானே புகழ எல்லோருக்கும் கூச்சம். அந்தப் பாவத்தைக் கிறிஸ்தோபர் தலையில் கட்டிவிட்டார்கள். சாரதி முதல் காவலாளி வரை அவர் கடிதத்தில் எல்லோருமே 'இன்டிஸ்பென்ஸபிள்', அதாவது அவர்கள் இல்லாமல் முடியாது. அவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள். கந்தோர் வழக்கம்போல எட்டரைக்குத் திறந்தது.

புதிதாக வந்த பிரசாந்தினிக்கு அந்தச் சொல்லை மேசையில் தட்டித்தான் பழக்கினார்.

"இன், டிஸ், பென், ஸ, பிள். அஞ்சு தட்டு. மூண்டாவதை அழுத்தித் தட்டோணும், பிள்ளை. நடுவில கிடக்கிற டிஸ்பென்ஸ் எண்டால், ஒண்டு இல்லாமல் சமாளிக்கிறது. வாலில வாற ஸபிள் ஏலும் எண்டு சொல்லும். தலையில நிக்கிற இன் ஏலாது எண்டு மறிச்சுப்போடும்."

அவள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கடிதங்களை அவளிடமே தள்ளிவிட்டுத் தேநீர் குடிப்பது அவருக்கும் பழகிப்போனது.

கிறிஸ்தோபருக்கு ஓய்வு வயதான அறுபது வந்தது. ஒரு வருட சேவை நீடிப்புக்கு மனேஜரின் கடிதம் கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போகவேண்டும். வீட்டில் சும்மா இருப்பதை நினைக்கவே கிறிஸ்தோபருக்குப் பயமாக இருந்தது. தான் இல்லாத பகற்பொழுது மனைவி எல்சிக்கு எவ்வளவு நிம்மதி என்பது அவருக்குத் தெரியும்.

மனேஜர் இன்ஷாப் வழக்கப்படி சொன்னார்: "நீங்களே எழுதிட்டு வாங்கண்ணன், நான் சைன் வைக்கிறன்."

முப்பத்தொரு வருடத்தில் முதன்முறையாகக் கிறிஸ்தோபருக்கும் கூச்சம் வந்தது. அவரும் கடிதம் எழுதும் வேலையைப் பிரசாந்தினியிடம் கொடுத்தார்.

இன்ஷாப் வாசித்தார். பேனையைத் திறந்தார். "அருமையான கடிதம். உங்கட கைதான் கை."

பேசாமல் இருந்திருக்கலாம். வாத்தியார்ப் பெருமை விடவில்லை.

"நான் ஒரு எழுத்தும் தொடேல்ல. முழுக்கப் பிரசாந்தினி."

இன்ஷாப் பேனையை மூடினார். "அப்ப உங்கட வேலை முழுக்க அந்தப் பிள்ளைக்கு ஏலும்?"

"ஓம்," என்றார் கிறிஸ்தோபர். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

பிரியாவிடை அன்று பிரசாந்தினி எழுந்து பாராட்டுரை வாசித்தாள். அந்தச் சொல் வந்தது. மேசைக்குக் கீழே அவர் விரல் முழங்காலில் தட்டியது. ஐந்து. மூன்றாவது நல்ல அழுத்தம். ஒரு பிழையும் இல்லை.