ஓடிக்கிட்டிருக்கு என்ற பதில்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவரான மேலாளருக்கும் கூட. இளையவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, கொழுந்தன் கழித்துப்போட்ட மடிக்கணினியில் நிரல் எழுதப் பழகி வேலைக்கு வந்தவள். பார்வையற்றவர்களுக்கான இணையதளம் அது. புத்தகப் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றினால், அவற்றை வாசித்து ஒலிப்புத்தகமாக்கித் தரும். தடித்த புத்தகம் என்றால் பல மணி நேரம் பிடிக்கும். அந்த வேலை பின்னணியில், யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

நடக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியது, நடப்பதை வரிவரியாகக் குறித்துவைக்கும் லாக் கோப்பு. ஆனால் ஒருமுறை லாக் எழுதி எழுதியே டிஸ்க் நிரம்பி, தளம் மொத்தமாகப் படுத்துவிட்டது. சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு வேலைக்கு இரண்டே வரி. தொடங்கியது, முடிந்தது. அதிலிருந்து அவருக்குக் கஞ்சன் என்று பெயர். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இயன்முறை மருத்துவம் படிக்கும் பார்வையற்ற மாணவி ஒருத்தி தொலைபேசியில் வந்தாள்.

"எலும்புகளைப் பத்தின புத்தகம் ஏத்தியிருந்தேன் மேடம். பரீட்சை நெருங்கிடுச்சு."

அக்கா லாக்கைப் பார்த்தாள். 'தொடங்கியது' என்று மட்டும் இருந்தது. "ஓடிக்கிட்டிருக்கும்மா," என்றாள்.

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாள் மாணவி கேட்டாள்: "ஓடுதுன்னு நீங்க பாத்தீங்களா மேடம்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "இல்லம்மா. நின்னுடுச்சுன்னு எழுதலையே, அதனால ஓடுதுன்னு நெனச்சுட்டேன். இருங்க, பாத்துட்டு நானே கூப்பிடறேன்."

சர்வரில் தேடினாள். அப்படியொரு வேலையே ஓடவில்லை. முதல் நாளே பாதியில் செத்துப்போயிருந்தது.

நேராகக் கஞ்சனிடம் போனாள். "இனிமே பக்கத்துக்கு ஒரு வரி எழுதப்போறேன்."

"ஐயோ அக்கா! போன தடவை நான் பட்ட பாடு போதாதா?"

"பாதியில செத்தது எழுந்து வந்து 'நான் செத்துட்டேன்'னு எழுதுமா? சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். "சரி, எழுதுங்க. வளவளன்னு வேண்டாம். ஒரு வாரம் ஆனா தானா அழிஞ்சிடணும்."

வேலையின் எண், பக்கம், நேரம் என்று சுருக்கமாக வைத்தாள். வரிகளைச் சேர்த்துவைத்து ஒட்டுமொத்தமாக எழுதாமல் அவ்வப்போதே கோப்பில் விழும்படி செய்தாள். சேர்த்துவைத்தால், வேலை சாகும்போது அவையும் கூடவே போய்விடும்.

மறுபடி ஓடவிட்டாள். வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, கை எலும்புகளின் படம் இருந்த பக்கத்துக்கு முன்பாக நின்றன. அளவுக்கு மீறிய பெரிய படம். நினைவகம் முழுவதையும் விழுங்கியிருந்தது. அதைச் சிறிதாக்கினாள். மாலைக்குள் புத்தகம் முடிந்தது.

சொன்னபடி கூப்பிட்டாள். "வந்துடுச்சும்மா. ஆனா ஒரு படத்தைச் சின்னதாக்க வேண்டியதாயிடுச்சு. அதுல இருக்கற பேரையெல்லாம் மெஷினால படிக்க முடியலை."

"எந்தப் படம்?"

"மணிக்கட்டு."

"அடக் கடவுளே, அதுதான் கட்டாயம் கேப்பாங்க. நீங்க படிச்சுக் காட்டறீங்களா மேடம்?"

வீட்டுக்காரருக்குத் தாமதமாகும் என்று தகவல் அனுப்பிவிட்டு, அக்கா அசல் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். வாயில் நுழையாத பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தாள். எது எதன் பக்கத்தில் என்று கேட்டபோது, தன் மணிக்கட்டையே அழுத்தி அழுத்திப் பார்த்துச் சொன்னாள். ஓர் எலும்பைச் சுண்டுவிரல் பக்கம் என்றாள்.

"அது கட்டைவிரல் பக்கம் மேடம்," என்று திருத்தினாள் மாணவி. "நீங்க எந்தக் கையைப் பிடிச்சிருக்கீங்க?"