சோத்தாங்கை பக்கம் சார்!

நெத்திய ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வெச்சா பல்லு கடகடன்னு ஆடும்... மண்ணெண்ணெ மாதிரி ஒரு வாசம், பிளாஸ்க்ல ஆறிப்போன டீ. இருபத்தி மூணு வயசுல என் ஆபீஸ் அதுதான் ஃப்ரெண்ட்ஸ். கடல்ல காணாமப் போனவங்களத் தேடிப் போற பட்டாளத்து விமானம்.

கீழப்பழுவூர்ல எங்கம்மா, "என்னடா வேலை?"ன்னு கேட்டுச்சு.
"கடலப் பாக்குற வேலைம்மா."
"அத நம்ம கொல்லையிலயே பாக்கலாமேடா... களை எடுக்க ஆளே கெடைக்கல."
அதுக்குக் கடலன்னா நிலக்கடலதான்!

ஒரு புயல் ஓய்ஞ்ச மறுநாள். மூணு மீனவங்க போன படகு ரெண்டு நாளா கரைக்கு வரல. காலையிலேருந்து ஏர் ஓட்டுற மாதிரி கடலுக்கு மேல போறதும் வர்றதுமா இருந்தோம். நான் வலது பக்க ஜன்னல். ரொம்ப நேரம் பாத்தா ஒவ்வொரு அலையும் படகாத் தெரியும்.

பைலட் ஒரு பஞ்சாபி சார். ஹெட்செட்ல சொன்னாரு... ஃப்யூயல் கம்மி, இதான் கடைசி ரவுண்டு.

அப்பத்தான் பாத்தேன். கவுந்த படகு... மேல ஆளுங்க!

ரைட்டுன்னு சொல்லணும். ட்ரெயினிங்ல ஆயிரம் தடவ சொன்ன வார்த்தை. ஆனா வாயில வந்தது, "சோத்தாங்கை பக்கம் சார்! சோத்தாங்கை பக்கம்!"

"வாட்?"ன்னாரு. பாவம், சோறு திங்குற கைக்கு எங்க ஊர்ல அதான் பேருன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான் "ரைட்"ட தேடிப் பிடிக்கிறதுக்குள்ள படகு பின்னாடி போயிடுச்சு. உடனே புகை டப்பா போட்டு இடத்த அடையாளம் வெச்சிருக்கணும்... அதையும் மறந்துட்டேன். எட்டிப் பாத்தா வெறும் அலை.

அழுகையே வந்துடுச்சு. என் நாக்கால மூணு உயிர் போகப் போகுதேன்னு...

சார் ஒண்ணுதான் கேட்டாரு, "ஆர் யூ ஷ்யூர்?"
"ஷ்யூர் சார். ஆளு இருக்கு சார்."
உடனே விமானத்தத் திருப்பிட்டாரு.

அந்தச் சுத்துல கெடச்சாங்க. மூணு பேரும்! ஒருத்தர் சட்டையக் கழட்டிச் சுத்திக்கிட்டே இருந்தாரு. தானா விரியுற ரப்பர் படகு போட்டோம். ஏறிட்டாங்கன்னு பாத்த பிறகுதான் திரும்பினோம். சாயங்காலம் கப்பல் போய்க் கூட்டிட்டு வந்துச்சு.

தரையிறங்கினதும் சார் என் தோள்ல தட்டி, "சோட்டாங்காய்!"னு சிரிச்சாரு. அப்புறம் அங்க எல்லாருக்கும் நான் சோட்டாங்காய்தான்.

இப்ப வர்ற விமானத்துல கேமரா இருட்டுலகூட ஆளக் கண்டுபிடிக்குதாம். என்னை மாதிரி உளறாது. சத்தியமா நல்ல விஷயம். ஆனாலும் உளறினவன் கண்ண நம்பி, கடைசிச் சொட்டு ஃப்யூயல்ல திருப்பின அந்த மனுஷன நெனச்சா இப்பவும் கண்ணு கலங்குது.

அந்த மூணு பேரோட பேருகூட எனக்குத் தெரியாது. ஆனா டிவியில புயல்னு சொன்னா, அவங்க கரையிலதான் இருக்காங்களான்னு என் மனசு மொதல்ல அவங்களத்தான் தேடுது...